தலைக்குக் குளிப்பதும் முடி உலர்த்துவதும்: அமெரிக்க வீட்டுக்கும் நீச்சல் குளத்துக்கும்

எடிசன், ஃப்ரீமாண்ட், ப்ளேனோ என்று எந்த ஊரில் குடியேறினாலும் சில மாதங்களில் வீட்டில் ஒரு பேச்சு எழும்: “இந்த ஊர்த் தண்ணி முடிக்கு ஒத்துக்கலை.” இதில் பாதி உண்மை. தண்ணீர் மாறியிருக்கிறது. கூடவே, மொட்டை மாடி வெயிலில் தலை ஆற்றிய வழக்கம் போய் டிரையர் வந்திருக்கிறது. பிள்ளைகள் வாரத்தில் பல நாள் நீச்சல் குளத்தில் இறங்குகிறார்கள். கிணற்றடியில் உட்கார்ந்து தேய்த்த எண்ணெய்க் குளியலை வழுக்கும் பாத்டப்பில் நின்று முடிக்க வேண்டியிருக்கிறது. புதிய பாட்டில்களை வாங்கி அடுக்குவதால் இவை சரியாகிவிடாது. எதற்குப் பிறகு எதைச் செய்வது என்ற வரிசையைத் திருத்தினாலே பெரும்பாலானவை அடங்கும்.

தெரிந்திருக்க வேண்டிய ஒரே விஷயம்

முடி நனையும்போது தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை நீரை உறிஞ்சி உப்புகிறது. அப்போது மேற்புறச் செதில்கள் எழும்பி நிற்கும்; இழுத்தால் முடி நீளும், அளவுக்கு மீறினால் அறும். சீப்பு, துண்டு, சூடு, குளோரின், செம்பு எல்லாம் முடியை அதிகம் கெடுப்பது இந்த ஈர நேரத்தில்தான். இந்த அத்தியாயத்தில் வரும் எல்லாப் படிகளும் மூன்று விதிகளுக்குள் அடங்கும்:

1. நனைவதற்கு முன் காப்புக் கொடுங்கள்.
2. நனைந்திருக்கும்போது மென்மையாகக் கையாளுங்கள்.
3. நனைந்திருக்கும் நேரத்தைக் குறையுங்கள்.

உங்கள் வீட்டுத் தண்ணீரை அறிந்துகொள்ளுங்கள்

தண்ணீரின் கடினத்தன்மை என்பது அதில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசியத்தின் அளவு. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் வகைப்பாடு இது: லிட்டருக்கு 60 மில்லிகிராம் வரை மென்னீர், 61 முதல் 120 வரை மிதமான கடினம், 121 முதல் 180 வரை கடினம், அதற்கு மேல் மிகக் கடினம். சில அறிக்கைகள் ‘கேலனுக்கு இத்தனை கிரெயின்’ என்று சொல்லும். கேலனுக்கு ஒரு கிரெயின் என்றால் லிட்டருக்கு ஏறத்தாழ 17 மில்லிகிராம் என்று பெருக்கிக்கொள்ளுங்கள்.

1. உங்கள் ஊர்க் குடிநீர் நிறுவனத்தின் ஆண்டு அறிக்கையைத் தேடி எடுங்கள். ஒவ்வொரு ஆண்டும் ஜூலை 1-க்குள் வாடிக்கையாளருக்கு அது கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது சட்டம். அதில் கடினத்தன்மை இல்லாவிட்டால் போன் செய்து கேளுங்கள், சொல்வார்கள்.
2. அதே அறிக்கையில் கிருமிநீக்கத்துக்குக் குளோரின் சேர்க்கிறார்களா, குளோரமின் சேர்க்கிறார்களா என்று பாருங்கள்.
3. வீட்டைச் சுற்றிப் பாருங்கள். ஷவர் தலையில் வெள்ளைப் படிவு இருந்தால் கடின நீர். வாஷ்பேசினில் நீலப் பச்சைக் கறை இருந்தால் செம்புக் குழாய் அரிபடுகிறது. டாய்லெட் தொட்டியில் ஆரஞ்சுக் கறை இருந்தால் இரும்பு.
4. சொந்தக் கிணறு உள்ள வீடு என்றால் ஆண்டு அறிக்கை வராது. ஆய்வகத்தில் நீங்களே பரிசோதிக்கக் கொடுக்க வேண்டும்.

ஊருக்கு ஊர் தண்ணீர் வேறு. சான் பிரான்சிஸ்கோவுக்கு வரும் ஹெட்ச் ஹெட்சி நீர் சியரா நெவாடா மலைப் பனி உருகி வருவது, மென்மையானது. அங்கே 2004 முதல் குளோரமின் சேர்க்கிறார்கள். சான் ஹோசேயில் நிலத்தடி நீர் வரும் பகுதிகளில் கடினம் கூடுதல். அதே நகரின் இன்னொரு பகுதியில் குறைவு. டெக்சஸின் சான் அன்டோனியோ, எட்வர்ட்ஸ் நிலத்தடிச் சுண்ணாம்புப் பாறையிலிருந்து நீர் எடுப்பதால் மிகக் கடினமான வகையில் சேரும். டாலஸுக்கு வடக்கே ப்ளேனோ, ஃப்ரிஸ்கோ, மெக்கின்னி பகுதிகளில் ஆண்டுதோறும் வசந்த காலத்தில் சில வாரங்கள் குளோரமினை நிறுத்திவிட்டு வெறும் குளோரின் சேர்ப்பார்கள். குழாயில் திடீரென்று குளத்து வாடை அடித்தால் பயப்பட வேண்டாம், காரணம் அதுதான்.

குறிப்பு: ஷவரில் மாட்டும் ஃபில்டர் குளோரினைக் குறைக்கலாம், கடினத்தன்மையைக் குறைக்காது. அந்த ஃபில்டர்களுக்கான என்.எஸ்.எஃப். 177 தரச் சான்றும் குளோரினுக்கு மட்டுமே. உப்பு போடும் வாட்டர் சாஃப்ட்னர்தான் கால்சியத்தை எடுக்கும். வாடகை வீட்டில் அதற்கு வழியில்லை என்றால், கீழே வரும் வாரக் கழுவல் போதும்.

எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாள்

பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி, ஆண்களுக்குப் புதன், சனி என்ற கணக்கு வேலை நாட்களில் ஒத்துவராது. சனிக்கிழமைக் காலையை எல்லோருக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளுங்கள்.

குளிப்பதற்கு முன் எண்ணெய் வைப்பதற்கு நல்ல காரணம் உண்டு. 2003-ல் மும்பையின் மாரிகோ நிறுவன ஆய்வாளர்கள் ரெலே, மோஹிலே இருவரும் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டார்கள். முடியின் புரத இழப்பைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. மாரிகோ தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனம் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெயில் மிகுந்துள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, நேரானது. அதனால் முடித்தண்டுக்குள் புகுகிறது என்பது அவர்களின் விளக்கம். நல்லெண்ணெய்தான் பழக்கம் என்றால் தலைக்கு அதையும், முடி நுனிக்குத் தேங்காய் எண்ணெயையும் வைக்கலாம்.

1. குளிர்காலத்தில் தேங்காய் எண்ணெய் பாட்டிலிலேயே உறைந்துவிடும். 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழ் அது அப்படித்தான். பாட்டிலை வெந்நீர்க் கிண்ணத்தில் ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். மைக்ரோவேவ் வேண்டாம்; ஓரிடத்தில் மட்டும் கொதித்துத் தலையைச் சுட்டுவிடும்.
2. முடி உலர்ந்திருக்கும்போதே சிக்கு எடுத்துவிடுங்கள்.
3. தோள் வரை முடிக்கு ஒரு டேபிள்ஸ்பூன், இடுப்பு வரை முடிக்கு இரண்டு போதும். சொட்டச் சொட்ட வைத்தால் அதை எடுக்க ஷாம்பு இரட்டிப்பாகும்.
4. அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஊறட்டும்.
5. பாத்டப்பில் ரப்பர் விரிப்பு போட்ட பிறகே இறங்குங்கள். எண்ணெயும் வெந்நீரும் சேர்ந்த எனாமல் தரையில் கால் நிற்காது. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா, மாமியாருக்குக் குளியல் நாற்காலியும் கைப்பிடியும் தேவை. வழுக்கும் என்று வாயால் சொல்லிவிட்டுப் போவது போதாது.
6. தண்ணீர் ஊற்றும் முன்பே எண்ணெய்த் தலையில் ஷாம்புவையோ கரைத்த சீயக்காயையோ தேய்த்து, பிறகு நீர் விட்டு அலசுங்கள். எண்ணெய் எளிதில் வரும்.
7. குளித்து முடித்ததும் டப்பை டிஷ் சோப்பும் வெந்நீரும் விட்டுத் தேயுங்கள். அடுத்துக் குளிக்க வருபவர் வழுக்கி விழக் கூடாது.

சீயக்காய், அரப்பு பயன்படுத்துவோருக்கு: குளியல் சோப்பைப்போலச் சீயக்காய் கடின நீரில் திரிந்து பிசுபிசுக்காது. தொல்லை வேறு: பொடியின் சக்கை தலையில் தங்கும், வடிகாலையும் அடைக்கும். பொடியை வெந்நீரில் அரை மணி ஊறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, தெளிந்த நீரை மட்டும் எடுங்கள். வடிகாலில் முடி பிடிக்கும் சல்லடை போடுங்கள். கண்ணில் பட்டால் குழாய் நீரில் நன்றாகக் கழுவுங்கள்.

எச்சரிக்கை 1: எண்ணெய்த் துண்டு. எண்ணெய் துடைத்த துண்டையும் தலையணை உறையையும் துணி உலர்த்தும் இயந்திரத்தில் போடாதீர்கள். ஒருமுறை துவைத்தாலும் எண்ணெய் முழுக்கப் போகாது; சூட்டில் அது தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். அந்த இயந்திரத்தின் கையேட்டிலேயே இந்த எச்சரிக்கை இருக்கும். எண்ணெய்க்கென்று பழைய துண்டு ஒன்றை ஒதுக்கி, வெந்நீரில் துவைத்து, கொடியில் விரித்து உலர்த்துங்கள். சுருட்டிக் குவித்து வைக்காதீர்கள்.

எச்சரிக்கை 2: சாம்பிராணி. தலைக்குக் குளித்த பிறகு கரி மூட்டிச் சாம்பிராணிப் புகை காட்டும் வழக்கத்தை வீட்டுக்குள் விட்டுவிடுங்கள். புகை அலாரம் அலறுவது சிறிய தொல்லை. மூடிய வீட்டில் எரியும் கரி, வாடையில்லாத கார்பன் மோனாக்சைடை வெளிவிடும். அது உயிரைக் கொல்லும். அலாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் புகை போடுவது இரட்டை ஆபத்து.

சாதாரண ஷாம்பு நாள்

1. நனைப்பதற்கு முன் அகலப் பல் சீப்பால் சிக்கு எடுங்கள்.
2. வெதுவெதுப்பான நீரில் ஒரு நிமிடம் முழுக்க நனையுங்கள். மேலோட்டமாக நனைத்தால் நுரை வராது. நுரை வரவில்லை என்று ஷாம்பு கூடிக்கொண்டே போகும்.
3. ஷாம்புவைக் கையில் நீர் விட்டுக் கரைத்துத் தலைத்தோலில் மட்டும் தேயுங்கள். நகம் படாமல் விரல் நுனியால் தேயுங்கள். நுரை வழிந்து இறங்குவதே கீழ் முடிக்குப் போதும். முடியை உச்சியில் குவித்துத் துணி துவைப்பதுபோல் கசக்காதீர்கள்.
4. தேய்த்த நேரத்தைவிட இரண்டு மடங்கு நேரம் அலசுங்கள். பிடரியும் காதின் பின்புறமும்தான் விட்டுப்போகும் இடங்கள்.
5. கண்டிஷனரைக் காதுக்குக் கீழே உள்ள முடிக்கு மட்டும் வையுங்கள். சிக்கு இருந்தால் கண்டிஷனர் இருக்கும்போதே விரலால் பிரியுங்கள். இரண்டு மூன்று நிமிடம் கழித்து அலசுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதற்குத் தலைத்தோலே அளவுகோல். எண்ணெய் வழியும் தலைக்கும் தினம் உடற்பயிற்சி செய்பவருக்கும் ஒன்று விட்டு ஒரு நாள். வறண்ட, சுருட்டை முடிக்கு வாரம் ஒன்று அல்லது இரண்டு. பொடுகு இருந்தால் குறைவாகக் குளிப்பது பொடுகைக் கூட்டும். பொடுகு ஷாம்புவைத் தலைத்தோலில் ஐந்து நிமிடம் இருக்கவிட்டு அலசுங்கள்.

கடின நீர் வீடுகளுக்கு: வாரத்திலோ இரண்டு வாரத்திலோ ஒருமுறை படிவு நீக்கும் ஷாம்பு போடுங்கள். விளம்பர வாசகத்தை நம்பாமல் பாட்டிலின் பின்புறப் பட்டியலைப் படியுங்கள். டைசோடியம் அல்லது டெட்ராசோடியம் இ.டி.டி.ஏ., ஃபைட்டிக் அமிலம் போன்ற பெயர்கள் முன்வரிசையில் இருக்க வேண்டும். இவை உலோகங்களைக் கவ்வி எடுத்துச் செல்பவை. முடியை வறளவைக்கும் என்பதால் அன்று கண்டிஷனர் கட்டாயம்.

உலர்த்தும் வரிசை

காற்றில் உலர்த்துவதே நல்லது, டிரையர் கெடுதல் என்று பலரும் நம்புகிறார்கள். 2011-ல் ‘அன்னல்ஸ் ஆஃப் டெர்மட்டாலஜி’ இதழில் வந்த ஒரு கொரிய ஆய்வு இதைச் சோதித்தது. டிரையரை நெருக்கிப் பிடித்துச் சூட்டைக் கூட்டக் கூட்ட முடியின் மேற்பரப்பு அதிகம் கெட்டது. ஆனால் 15 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, அசைத்துக்கொண்டே உலர்த்திய முடி, தானாக உலர்ந்த முடியைவிடக் குறைவாகவே கெட்டிருந்தது. நெடுநேரம் நனைந்தே இருந்ததால் தானாக உலர்ந்த முடியின் உட்பிணைப்பில் சேதம் தெரிந்தது. ஆகவே இரண்டையும் கலந்து செய்யுங்கள்.

1. ஷவரை விட்டு வெளியே வரும் முன் இரு கையாலும் முடியைப் பற்றி, மேலிருந்து கீழாக நீரைப் பிழியுங்கள். முறுக்காதீர்கள்.
2. துவட்டும்போது தேய்க்காதீர்கள். சொரசொரப்பான டர்க்கி டவலைவிட ஊரிலிருந்து கொண்டுவந்த ஈரிழைத் துண்டோ பழைய பருத்தி டி-சர்ட்டோ மேல். முடியை அதில் பொதிந்து அழுத்தி எடுங்கள். துண்டைக் கொண்டையாகக் கட்டினால் பத்து நிமிடத்தில் அவிழ்த்துவிடுங்கள்.
3. அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக மேலே ஏறுங்கள். மிகச் சுருட்டையான முடிக்கு ஈரத்தில், கண்டிஷனரோடு சிக்கு எடுப்பதே எளிது. நேரான முடியைப் பாதி உலர்ந்த பிறகு சீவுவது நல்லது.
4. பாதிக்கு மேல் காற்றில் உலரட்டும்.
5. டிரையரை நடுத்தரச் சூட்டில் வைத்து, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, நிறுத்தாமல் அசைத்தபடி முதலில் வேர்ப்பகுதியை உலர்த்துங்கள். காற்று வேரிலிருந்து நுனி நோக்கிப் போகட்டும்.
6. கடைசி ஒரு நிமிடம் குளிர்க்காற்று.
7. முழுக்க உலர்ந்த பிறகே பின்னல் போடுங்கள். ஈரத்தில் இறுக்கிப் பின்னினால் வேரில் இழுவை கூடும். உள்ளே ஈரம் தங்கி வாடையும் அரிப்பும் வரும்.

எச்சரிக்கை 3: ஈர முடியில் ஃபிளாட் அயர்ன் வைக்காதீர்கள். முடிக்குள் இருக்கும் நீர் கொதித்து ஆவியாகிக் குமிழ் விடும். குமிழ் விட்ட இடத்தில் முடி அறும். எந்தச் சிகிச்சையும் அதை ஒட்டவைக்காது.

மின்சாரம்: உயிர் சம்பந்தப்பட்டது

- அமெரிக்க வீட்டு மின்சாரம் 120 வோல்ட், இந்தியாவில் 230. ஊரிலிருந்து கொண்டுவந்த டிரையர் இங்கே கால்வாசித் திறனில்தான் ஓடும். இங்கே வாங்கிய 120 வோல்ட் டிரையரை வெறும் பின் அடாப்டர் மாட்டித் திருச்சியில் செருகினால் நொடியில் கருகும். லேபிளில் இரண்டு மின்னழுத்தமும் போட்டிருந்தால் மட்டுமே எடுத்துச் செல்லுங்கள்.
- டிரையர் பிளக்கில் இருக்கும் பெரிய கட்டி அலங்காரமல்ல; மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனம். அதை வெட்டிவிட்டு வேறு பிளக் மாட்டாதீர்கள்.
- குளியலறைச் சுவரில் ‘டெஸ்ட்’, ‘ரீசெட்’ பொத்தான் உள்ள ஜி.எஃப்.சி.ஐ. பிளக் பாயிண்ட் இருக்கும். மாதம் ஒருமுறை டெஸ்ட் அழுத்துங்கள். மின்சாரம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அதை மாற்றச் சொல்லுங்கள்.
- பெரும்பாலான டிரையர்கள் 1,875 வாட். அதே சர்க்யூட்டில் ரூம் ஹீட்டரும் ஓடினால் பிரேக்கர் விழும். எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டாம்.
- பயன்படுத்தியதும் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தாலும் செருகியபடி நீரில் விழுந்தால் ஷாக் அடிக்கலாம். பின்புற வலையில் சேரும் தூசியையும் முடியையும் அவ்வப்போது எடுங்கள். காற்று அடைபட்டால் அளவுக்கு மேல் சூடேறும்.

நியூஜெர்சிக் குளிருக்கு: ஜனவரிக் காலையில் ஈரத் தலையோடு ஸ்கூல் பஸ்ஸுக்கு நின்றால் முடி விறைத்து உறையும், வளைத்தால் ஒடியும். ‘தலையில் நீர் கோத்துக்கொள்ளும், சளி பிடிக்கும்’ என்று பாட்டி சொல்வதில், சளிக்குக் காரணம் வைரஸ்தான். ஆனால் ஈரத் தலையோடு வெளியே போகாதே என்ற புத்திமதி சரியானதே. தலைக்குக் குளிப்பதை முந்தைய மாலைக்கு மாற்றுங்கள். கம்பளித் தொப்பிக்கு உள்ளே சாட்டின் துணி இருந்தால் உரசல் குறையும். ஹீட்டர் காற்றில் வறண்டு முடி பறந்து நின்றால், உள்ளங்கையில் இரண்டு சொட்டு எண்ணெய் தேய்த்து நுனியில் தடவுங்கள்.

நீச்சல் குளத்துக்குப் போகும் நாள்

குளத்தில் முடி பச்சையாகும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது குளோரினின் நிறமல்ல. பாசி கொல்லும் மருந்திலிருந்தும் செம்புக் குழாய்களிலிருந்தும் வரும் செம்பு முடியில் ஒட்டுவதால் வரும் நிறம். நம் கருமுடியில் பச்சை தெரியாது, சொரசொரப்பாகத் தெரியும். குளோரின் முடியின் எண்ணெய்ப் பசையை உரித்து நிறத்தை வெளிறவைக்கும். சாயம் பூசிய முடியிலும் நரையிலும் இது சீக்கிரம் தெரியும்.

இறங்கும் முன்

1. குளத்தடி ஷவரில் உடலையும் தலையையும் ஒரு நிமிடம் நனையுங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தவர் அடுத்து அதிகம் வாங்க முடியாது. நல்ல நீரில் ஊறிய முடியும் குளத்து நீரைக் குறைவாகவே ஏற்கும். இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள். இதில் இன்னொரு பயனும் உண்டு: வியர்வையும் அழுக்கும் குளோரினோடு சேரும்போதுதான் கண் எரியும் அந்தக் குளத்து வாடை பிறக்கிறது.
2. ஈர முடியின் நீளத்துக்கும் நுனிக்கும் கொஞ்சம் கண்டிஷனர் அல்லது சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். தலை வழிய எண்ணெய் வைத்துக் குளத்தில் இறங்காதீர்கள். நீரின் மேல் படலம் கட்டும், ஃபில்டரை அடைக்கும், தொப்பியும் நழுவும்.
3. நீள முடியைத் தளர்ந்த இரட்டைப் பின்னலாகப் போட்டு, பிடரியோடு தட்டையாகச் சுற்றித் துணி ரப்பரால் கட்டுங்கள். ஹேர்பின்னும் கிளிப்பும் தொப்பியைக் கிழிக்கும். அடுத்த லேனில் வருபவரையும் குத்தும்.
4. தொப்பியை நெற்றியிலிருந்து பின்னோக்கி இழுத்துப் போடுங்கள். சிலிக்கோன் தொப்பி முடியை இழுக்காது. லேடெக்ஸ் மலிவு, ஆனால் இழுக்கும். லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் கூடாது. லைக்ரா நீரைத் தடுக்காது.

எந்தத் தொப்பியும் முடியை முழுக்க உலர்வாக வைக்காது. நீர் புகுந்து வெளியேறுவதைக் குறைக்கும், சிக்கு விழாமல் காக்கும், அவ்வளவே. அடர்ந்த நீள முடிக்குச் சாதாரணத் தொப்பி போதாதென்று பெரிய தொப்பி தேடுபவர்களுக்கு ஒரு தகவல்: அத்தகைய ‘சோல் கேப்’ தொப்பியை உலக நீச்சல் சம்மேளனம் (அப்போதைய பெயர் ஃபினா) 2021-ல் ஏற்க மறுத்தது, 2022 செப்டம்பரில் அனுமதித்தது. பிள்ளையின் போட்டிக்கு வாங்கும் முன் பயிற்சியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏறிய பிறகு

1. தொப்பியைக் கழற்றியதும் உடனே ஷவரில் இரண்டு மூன்று நிமிடம் அலசுங்கள். வீட்டுக்குப் போய்க் குளிக்கலாம் என்று காரில் ஏறினால், குளத்து நீர் முடியிலேயே காய்ந்துபோகும்.
2. தினம் நீந்துபவர்கள் தினமும் கடும் ஷாம்பு போட வேண்டாம். நல்ல அலசலும் கண்டிஷனரும் பெரும்பாலான நாட்களுக்குப் போதும். தேவைப்பட்டால் மென்மையான ஷாம்பு.
3. வாரம் ஒருமுறை நீச்சல்காரர்களுக்கான ஷாம்பு. பட்டியலில் சோடியம் தயோசல்ஃபேட் இருந்தால் குளோரினைச் செயலிழக்கச் செய்யும், இ.டி.டி.ஏ. இருந்தால் செம்பை எடுக்கும்.
4. விட்டமின் சி-யும் குளோரினை முறிக்கும். ஒரு கிராம் தூய அஸ்கார்பிக் அமிலப் பொடியை அரை லிட்டர் நீரில் கரைத்து ஸ்பிரே பாட்டிலில் எடுத்துச் செல்லலாம். முடியில் தெளித்து ஒரு நிமிடம் கழித்து அலசுங்கள். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மறுநாளைக்கு வைக்காதீர்கள், வீரியம் போய்விடும். இனிப்பும் நிறமும் சேர்த்த மாத்திரைகள் வேண்டாம்.
5. தலையைச் சாய்த்து இரு காதிலும் நீரை வடித்து, துண்டால் ஒற்றுங்கள். காதில் தங்கும் நீர்தான் நீச்சல்காரர்களின் காதுவலிக்கு வழிவிடுகிறது. காதுக்குள் பஞ்சுக் குச்சி விடாதீர்கள்.
6. ஈரத் தொப்பியைப் பையில் திணிக்காமல் உலர்த்தி வையுங்கள்.

பையில் இருக்க வேண்டியவை: அகலப் பல் சீப்பு, ஈரிழைத் துண்டு, சிறு பாட்டிலில் கண்டிஷனர், துணி ரப்பர் நான்கு, மாற்றுத் தொப்பி, குளிர் ஊர் என்றால் கம்பளித் தொப்பி.

எந்த நீரில் நீந்துகிறீர்கள்?

- டெக்சஸ் வீட்டுக் கொல்லைக் குளம்: நீரைப் பராமரிப்பவர் நீங்களே. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யின் அறிவுரைப்படி குளோரின் குறைந்தது 1 பி.பி.எம்., சயனூரிக் அமிலம் பயன்படுத்தினால் குறைந்தது 2, பி.எச். 7.0 முதல் 7.8 வரை. முடிக்குக் கெடுதல் என்று குளோரினைக் குறைத்தால் கிருமி வளரும். பாசி மருந்து வாங்கும்போது செம்பு சேராததைத் தேர்ந்தெடுங்கள். உச்சி வெயிலில் வகிடு எடுத்த இடம் கருகும். வகிட்டை மாற்றுங்கள் அல்லது தொப்பி போடுங்கள்.
- ஆஸ்டினின் பார்ட்டன் ஸ்பிரிங்ஸ்: ஊற்று நீர், குளோரின் இல்லை. ஆனால் சுண்ணாம்புப் பாறை வழி வரும் கடின நீர். அலசல் இங்கேயும் தேவை.
- சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி: சூடேற்றப்பட்ட திறந்தவெளிக் குளங்களில் ஆண்டு முழுக்கப் பயிற்சி நடக்கும், முடிக்கு ஓய்வுப் பருவமே இல்லை. வாரக் கழுவலைத் தவறவிடாதீர்கள். சான் பிரான்சிஸ்கோவின் அக்வாட்டிக் பார்க்கில் கடலில் நீந்துபவர்கள் உப்பு காய்வதற்குள் நல்ல நீரில் அலச வேண்டும்.
- நியூஜெர்சி: குளிர்காலத்தில் உள்ளரங்கக் குளம்; முடியை உலர்த்திவிட்டே வெளியே வாருங்கள். கோடையில் ஜெர்சிக் கடற்கரை. உப்புக்குச் சொன்னதே அங்கும்.

பேன் இருக்கும்போது நீச்சல்

பள்ளியிலிருந்து பேன் வந்துவிட்டால் வெட்கப்பட ஒன்றுமில்லை. குளத்துக் குளோரின் பேனைக் கொல்லாது. நீருக்கடியில் அது முடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பல மணி நேரம் பிழைத்திருக்கும். குளத்து நீர் வழியாகப் பரவுவது அரிது. பகிர்ந்துகொள்ளும் துண்டும் சீப்பும் தொப்பியும்தான் கவலை. சில பேன் மருந்துகளைப் போட்ட ஒன்று இரண்டு நாளுக்குள் நீந்தினாலோ தலைக்குக் குளித்தாலோ மருந்தின் வேலை குறையும். மருந்துப் பெட்டியில் உள்ள குறிப்பைப் படியுங்கள். கண்டிஷனர் தடவிய ஈர முடியில் பேன் சீப்பால் சீவி எடுப்பது எப்போதும் துணை நிற்கும்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

- குளத்துக்குப் போகிறோமே என்று காய்ந்த தலையோடு நேராகக் குதிப்பது.
- நுரை வரவில்லை என்று மூன்றாவது முறை ஷாம்பு போடுவது. கடின நீரில் நுரை குறைவுதான். முதல் நனைப்பைக் கூட்டுங்கள்.
- கடின நீரில் குளியல் சோப்பைத் தலைக்குப் போடுவது. சோப்பும் கால்சியமும் சேர்ந்து வெள்ளைப் பிசுக்காக முடியில் ஒட்டும்.
- எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து தலையில் ஊறவைத்துக்கொண்டு வெயிலில் போவது. அந்தச் சாறு பட்ட தோல் வெயிலில் கொப்புளிக்கும்.
- ஈரத் தலையோடு இரவு படுப்பது. தலையணையில் உரசி, காலையில் எல்லாம் சிக்கு.
- ஒரே வாரத்தில் ஃபில்டர், ஷாம்பு, எண்ணெய் மூன்றையும் மாற்றுவது. எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். ஒரு மாற்றம், ஒரு மாதம் என்று பாருங்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

உதிர்ந்த முடி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு முனையில் சிறு வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரிலிருந்து உதிர்ந்தது. இரண்டு முனையும் வெறுமையாக இருந்தால் நடுவில் அறுந்தது. அறுபடுவதற்கு இந்த அத்தியாயத்தில் மருந்து இருக்கிறது. வேரோடு உதிர்வதற்குத் தண்ணீரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. நாளுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. கடும் காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, பெரிய மன அழுத்தம், திடீர் உடல் மெலிவு இவற்றுக்குப் பின் இரண்டு மூன்று மாதம் கழித்து உதிர்வு கூடும். நாடு மாறிய அலைச்சலில் தூக்கமும் சாப்பாடும் குலைந்திருந்தால் அதுவும் இதில் சேரும். பெரும்பாலும் சில மாதங்களில் தானே அடங்கும்.

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் நேரம் கடத்தாமல் மருத்துவரைப் பாருங்கள்:

1. வட்டமாகச் சொட்டை விழுதல், அல்லது வகிடு அகலமாகிக்கொண்டே போதல்.
2. தலைத்தோலில் சீழ், புண், வலி, தடித்த செதில்.
3. உதிர்வு ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தல்.
4. உதிர்வோடு அசதி, எடை மாற்றம், மாதவிடாய்க் குழப்பம்.
5. பிள்ளையின் தலையில் முடி உதிர்ந்து செதில் படர்ந்த திட்டு. இது படர்தாமரையாக இருக்கலாம்; மேலே தடவும் களிம்பு மட்டும் போதாது, உள்ளுக்கு மருந்து வேண்டும்.

முதலில் குடும்ப மருத்துவரிடம் போய்த் தைராய்டு, இரும்புச் சத்துக்கான ஃபெரிட்டின் பரிசோதனைகள் தேவையா என்று கேளுங்கள். தோல் மருத்துவரைப் பார்க்க இங்கே வாரக்கணக்கில் காத்திருக்க நேரலாம். சில இன்சூரன்ஸ் திட்டங்களில் குடும்ப மருத்துவரின் பரிந்துரைக் கடிதமும் வேண்டும். போகும் நாளில் தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள், இறுக்கிப் பின்னாதீர்கள். நீங்கள் போடும் ஷாம்பு, சாயம், மாத்திரைகளின் பெயர்களை எழுதி எடுத்துச் செல்லுங்கள். நீந்துபவர் என்றால் வாரம் எத்தனை நாள், எந்தக் குளம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.